ஏற்புரையில் என்ன பேசுவது?

அன்புள்ள ஐயா,

அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். 33 வருட வேலை இந்த ஏப்ரலோடு முடிகிறது. பாராட்டு விழாவில் ஏற்புரை பேச வேண்டும். பிள்ளைகள், பெற்றோர், சக ஆசிரியர்கள் எல்லோரும் இருப்பார்கள். எழுதி எழுதிக் கிழித்துப் போடுகிறேன். பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டாமா? எனக்கு அடிக்கடி தொண்டை கட்டிக்கொள்ளும். சத்துணவு சமைக்கும் அக்காதான் தினமும் பதினோரு மணிக்கு ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவந்து வைப்பார். அன்றைக்கு அழுகையில் குரலே வராதோ என்றும் பயமாக இருக்கிறது.

ச., திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள ச. அவர்களுக்கு,

நாலு நல்ல வார்த்தையை 33 வருடமாக வகுப்பில் சொல்லிவிட்டீர்கள். மேடையில் நன்றி சொல்லுங்கள், போதும். ஆனால் ஆளுக்கு ஆள், பெயர் சொல்லி.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் 2013 நவம்பர் 16 நினைவுக்கு வந்தது. மும்பை வான்கடே மைதானம். சச்சினின் 200ஆவது டெஸ்ட், அவருடைய கடைசி ஆட்டம், மூன்றாம் நாளே முடிந்துவிட்டது. மைக் முன்னால் வந்து நின்றவர் கையில் ஒரு பட்டியல் இருந்தது. யார் பெயராவது விட்டுப்போய்விடுமோ என்றுதான் கொண்டுவந்தேன் என்று அவரே சொன்னார். நூறு சதம் அடித்த மனிதர். பேச்சு முழுக்க மற்றவர்கள்தான் வந்தார்கள். 1999இல் இறந்துபோன அப்பாவில் தொடங்கினார். அக்கா வாங்கிக் கொடுத்த முதல் மட்டையைச் சொன்னார். காஷ்மீர் வில்லோ மட்டை என்பது வரைக்கும் ஞாபகம் வைத்திருந்தார். பயிற்சியாளர் அச்ரேக்கர் தன்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு மைதானம் மைதானமாக அலைந்ததைச் சொன்னார். தலைக்கனம் வந்துவிடக் கூடாதென்று அவர் ஒருநாளும் ‘நன்றாக ஆடினாய்’ என்று சொன்னதில்லை, இனி ஆட்டமே இல்லை, இப்போது சொல்லலாமே என்றார். கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தொண்டை அடைத்தது அந்த இடத்தில்தான்.

அந்த மட்டையும் ஸ்கூட்டரும் இல்லாமல் ‘குடும்பத்தாருக்கும் குருவுக்கும் நன்றி’ என்று முடித்திருந்தால் இன்று யாருக்கு நினைவிருக்கும்?

அதனால் இன்றைக்கு ராத்திரி ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். உரையை எழுத வேண்டாம். முதலில் பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் செய்த ஒரு காரியம். ‘அவர்களே, அவர்களே’ என்று மேடையில் இருப்பவர்களை விளிப்பதைச் சுருக்கமாக முடித்துவிடுங்கள். பிள்ளைகள் எல்லோர் பெயரையும் சொல்லி முடியாது. யாராவது ஒரு பிள்ளையை எடுத்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். மற்ற பிள்ளைகள் அதிலேயே தங்களைக் கண்டுகொள்வார்கள்.

அழுகை வந்தால் வரட்டும். சச்சினும் பேச்சைத் தொடங்கும்போதே, கொஞ்சம் அமைதியாக இருங்கள், என்னைப் பேச விடுங்கள், இல்லாவிட்டால் இன்னும் உணர்ச்சிவசப்பட்டுவிடுவேன் என்றுதான் கூட்டத்தைக் கேட்டுக்கொண்டார். நடுவில் குரல் கம்மியபோது சற்று நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். கூட்டம் காத்திருந்தது. உங்கள் பிள்ளைகளும் காத்திருப்பார்கள்.

அப்புறம், அந்த வெந்நீர். உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி அதுதான். ஏற்புரையை அங்கிருந்தே தொடங்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த அக்காவின் பெயரை எனக்கு நீங்கள் எழுதவில்லை. பட்டியலில் முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள்.