‘மோர் தான் வேர்ட்ஸ்’ பாட்டுக்காக அல்பத்தைப் போட்டவர்களுக்கு: கேள்வி பதில்

போன கிழமை உங்களிடம் ஒரு வேலை சொல்லியிருந்தேன். எக்ஸ்ட்ரீம் என்ற அமெரிக்க ரொக் குழு 1990 ஓகஸ்டில் வெளியிட்ட ‘போர்னோகிராஃபிட்டி’ அல்பத்தை முதல் பாட்டில் இருந்து கடைசிப் பாட்டு வரை, ஒன்றையும் தாண்டாமல் கேளுங்கள் என்று. திருகோணமலையில் கிட்டார் பிடித்த எவருக்கும் அதில் ஒரு பாட்டு தெரியும்: ‘மோர் தான் வேர்ட்ஸ்’. கல்யாண வீட்டிலும், உப்புவெளிக் கடற்கரை ஹோட்டல்களிலும், பள்ளிக்கூடப் பிரியாவிடைகளிலும் அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மிச்சப் பன்னிரண்டு பாட்டும் பலருக்குப் புதிது. கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

அண்ணை, அல்பத்தைப் போட்டேன். மழை, இடி, அதற்குப் பிறகு ஒரே கிட்டார் இரைச்சல். வேறு குழுவைப் போட்டுவிட்டேனோ என்று பெயரைத் திரும்பிப் பார்த்தேன். அந்த மெல்லிய பாட்டைப் பாடினவர்கள்தானா இவர்கள்? (உவர்மலை)

அவர்களேதான் தம்பி. நீங்கள் கேட்டது ‘டெக்கடன்ஸ் டான்ஸ்’, அல்பத்தின் முதல் பாட்டு. குழுவின் உண்மையான முகம் அதுதான். பொஸ்டன் பக்கத்து நான்கு பேர்: பாட கேரி ஷெரோன், கிட்டாருக்கு நூனோ பெட்டன்கோர்ட், பேஸுக்குப் பாட் பட்ஜர், டிரம்ஸுக்குப் போல் கியரி. ஹெவி மெட்டல் கிட்டாரையும் கறுப்பின மக்களின் ஃபங்க் தாளத்தையும் ஒன்றாகப் பிசைந்தவர்கள். தயாரித்தவர் மைக்கல் வாகனர். மெட்டல் குழுவான மெட்டாலிக்காவின் ‘மாஸ்டர் ஒஃப் பப்பெட்ஸ்’ அல்பத்தை மிக்ஸ் செய்தவர் அவர். அந்த ஒன்றை வைத்தே எப்படிப்பட்ட சத்தம் வரும் என்று ஊகிக்கலாம்.

நானும் உங்களைப் போலத்தான் தொடங்கினேன். தொண்ணூறுகளில் வெறும் கசெட்டைக் கடையில் கொடுத்தால், நாங்கள் எழுதிக் கொடுக்கிற பாட்டுகளை அடித்துத் தருவார்கள். காதல் பாட்டுகள் நிறைந்த அப்படியொரு கசெட்டில்தான் இது எனக்கு வந்தது. குழுவின் பெயர்கூடக் கசெட் மட்டையில் இல்லை. முழு அல்பம் கைக்கு வர நான்கைந்து வருசம் ஆனது. முதல் மூன்று பாட்டும் முடியும்வரை எழும்பாமல் இருந்தேன். இவ்வளவு காலமும் ஒரு வீட்டின் ஜன்னலை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன் என்று தோன்றியது.

இவ்வளவு ஹெவியான குழு ஏன் ஒரு மெல்லிய பாட்டை முன்னுக்கு விட்டது? விற்பனைக்காகவா? (திருக்கடலூர்)

முன்னுக்கு விட்டது அந்தப் பாட்டை இல்லை. முதலில் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டாக, வந்தது ‘டெக்கடன்ஸ் டான்ஸ்’, அடுத்தது ‘கெட் த ஃபங்க் அவுட்’. அமெரிக்காவில் இரண்டும் பெரிதாக எடுபடவில்லை. அதற்குப் பிறகுதான் ‘மோர் தான் வேர்ட்ஸ்’ வானொலியில் பற்றிக்கொண்டு, 1991 யூனில் பில்போர்ட் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அதன் தோளில் ஏறி அல்பமும் பத்தாம் இடம் வரை வந்து, அமெரிக்காவில் மட்டும் இருபது இலட்சத்துக்கு மேல் விற்றது. அப்புறம் ‘ஹோல் ஹார்ட்டட்’ நான்காம் இடம். அதுவும் பன்னிரண்டு தந்திக் கிட்டாரில் வாசித்த, சத்தம் குறைந்த பாட்டுத்தான். ஆக, வானொலியில் மட்டும் இவர்களைக் கேட்டவர்களுக்கு மின்கிட்டார் என்று ஒன்று இந்தக் குழுவில் இருப்பதே தெரிய வாய்ப்பில்லை.

அந்தக் கறுப்பு வெள்ளை வீடியோவின் தொடக்கத்தை ஒருக்கால் திரும்பப் பாருங்கள். பேஸ்காரர் தன் அம்ப்பை (ஒலிபெருக்கியை) நிறுத்துகிறார், டிரம்ஸ்காரர் குச்சிகளைக் கீழே வைக்கிறார். பிறகு இரண்டு பேர் மட்டும் கதிரையில் இருந்து பாடுகிறார்கள். ‘எங்களிடம் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள், இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் ஓய்வு’ என்று குழு முதலிலேயே சொல்லிவிடுகிறது. நாங்கள்தான் அதைக் கவனிக்கவில்லை.

அந்தப் பாட்டில் கிட்டாரில் ‘டக், டக்’ என்று ஒரு சத்தம் வருகிறதே, அதை எப்படி எடுப்பது? யூடியூப் பார்த்தும் சரிவரவில்லை. (மனையாவெளி)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். முழு அல்பத்தின் திறப்பும் அந்த ‘டக்’தான்.

முதலில் ஆறு தந்தியையும் அரைக்கட்டை இறக்குங்கள், பாட்டோடு சேர்ந்து வாசிக்கலாம். இனி இடக்கையை மறந்துவிடுங்கள். ஜி கோர்டைப் பிடித்தபடி இருந்தால் போதும். வலக்கைப் பெருவிரல் தடித்த தந்தியை எடுக்கிறது, மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளைச் சேர்த்து இழுக்கின்றன. தாளத்தை ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணினால், இரண்டாம் தட்டிலும் நான்காம் தட்டிலும் அந்தக் கை அப்படியே தந்திகளின் மேல் விழ வேண்டும். ஓங்கி அடிக்கக் கூடாது. மேசையில் சாவியை வைக்கிற அளவு பாரம் போதும். விழுகிற அந்த நொடியிலேயே முந்தி ஒலித்த கோர்ட் வெட்டுப்பட்டு நிற்க வேண்டும். சத்தம் வருகிறது ஆனால் கோர்ட் நிற்கவில்லை என்றால், கை கிட்டாரின் பலகையில் படுகிறது, தந்தியில் படவில்லை. உங்களுக்குச் சரிவராத இடம் அநேகமாக இதுதான். தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை அறுபதில் வைத்து, பத்து நிமிடம் இதை மட்டும் செய்யுங்கள்.

அது கைக்கு வந்ததும் ‘கெட் த ஃபங்க் அவுட்’ போட்டுக் கேளுங்கள். அதே கை! கிட்டார் மின்கிட்டார், பின்னால் டிரம்ஸும் பேஸும் ஊதுகுழல்களும் நிற்கின்றன, ஆனால் நூனோ செய்வது அதே வேலை. தந்தியை ஒலிக்க விடுவதை விட ஒலியை வெட்டுவதில்தான் அவருக்குக் கவனம். இடக்கை தந்திகளில் பட்டும் படாமலும் இருக்க, வலக்கை மேலும் கீழும் நிற்காமல் ஓடுகிறது. ‘சிக்கு சிக்கு’ என்ற வறண்ட சத்தம்தான் கூட. கோர்ட் அங்கொன்று இங்கொன்றாகத்தான் வாய் திறக்கிறது. கோணேசர் கோயில் திருவிழாவில் தவில்காரருக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு இது விளங்கும். உருட்டிக்கொண்டே போய் ஒரு இடத்தில் சட்டென்று கையை எடுப்பார். அந்த வெற்றிடத்தில்தான் எங்கள் தலை ஆடும்.

அம்ப்பில் இரைச்சலைக் கூட்டினால் ஹெவி வந்துவிடும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். இந்த அல்பத்தின் பாரம் அந்த வலக்கையில் இருக்கிறது. அதனால்தான் மெல்லிய பாட்டும் ஹெவியான பாட்டுகளும் ஒரே அல்பத்தில் ஒட்டி நிற்கின்றன. ‘மோர் தான் வேர்ட்ஸ்’ டிரம்ஸ் இல்லாத ஃபங்க் பாட்டு என்பது என் முடிவு. இருபது வருசமாக அதையே சொல்லிக்கொடுக்கிறேன்.

‘ஹீ-மான் வுமன் ஹேட்டர்’ தொடக்கத்தில் வண்டு பறக்கிற மாதிரி ஒரு வாசிப்பு. அது மனிதக் கையா, கொம்பியூட்டரா? (லிங்கநகர்)

பாதி கை, பாதி எதிரொலி. டிலே என்ற கருவியை முக்கால் தட்டுத் தாமதத்துக்கு வைத்துவிட்டு, அரைத் தட்டுக்கு ஒரு சுரமாக வாசிக்கிறார். எதிரொலி வந்து இடைவெளிகளை நிரப்ப, இரண்டு மடங்கு வேகமாகக் கேட்கிறது. கேட்க இலகு, செய்யக் கடினம். தாளம் மயிரிழை பிசகினாலும் எல்லாம் கூழாகிவிடும்.

என் மகளுக்கு 14 வயது, கிட்டார் பழகுகிறாள். அல்பத்தின் பெயரைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. கேட்க விடலாமா? (ஒரு அம்மா, அன்புவழிபுரம்)

அம்மா, நேர்மையாகச் சொல்கிறேன். ஆபாசம் என்ற சொல்லையும் சுவர்க்கிறுக்கல் என்ற சொல்லையும் ஒட்டி வைத்த பெயர் அது. பிரான்சிஸ் என்ற சின்னப் பெடியன் ஒருவன் காசும் காமமும் ஊழலும் மலிந்த ஊருக்குள் நடந்து போகிறான். அவன் காண்கிறவைதான் பாட்டுகள். ‘மணி’ என்ற பாட்டு காசைக் கடவுளாக்கினவர்களைச் சாடுகிறது. ஆக நோக்கம் கண்டிப்பதுதான். ஆனால் கண்டிக்கிற சாக்கில் இரண்டு மூன்று பாட்டில் வரிகள் கொச்சையாகவே போகின்றன. அதை நான் மறைக்க மாட்டேன். இரண்டாவது பாட்டையும் ‘சூசி’ என்று தொடங்குகிற பாட்டையும் இப்போதைக்கு விட்டுவிடச் சொல்லுங்கள். ‘ஹோல் ஹார்ட்டட்’, ‘சோங் ஃபோர் லவ்’, ‘கெட் த ஃபங்க் அவுட்’ மூன்றையும் நீங்களும் பக்கத்தில் இருந்து கேளுங்கள். முடிந்தால் ஒரு நாள் சமைக்கும்போது போட்டுவிடுங்கள். பிள்ளை எதற்காக இதை விரும்புகிறாள் என்று உங்களுக்கே தெரியவரும்.

நூனோ போர்த்துக்கேயர் என்று சொல்கிறார்கள். எங்கள் ஆட்களா? (பாலையூற்று)

போர்த்துக்கேய பறங்கியர் வாழும் பாலையூற்றில் இருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்குச் சந்தோசம். ஓம், அவர் போர்த்துக்கலுக்குச் சொந்தமான அசோர்ஸ் தீவுகளில், 1966இல் பிறந்தவர். நான்கு வயதில் குடும்பம் அமெரிக்காவுக்குப் போய்விட்டது. உங்கள் வீடுகளில் வயலினும் கிட்டாரும் வைத்து வாசிக்கிற கப்ரிஞ்ஞா ஆட்ட இசைக்கும் அவருடைய ஃபங்க் தாளத்துக்கும் நேரடி உறவு இல்லை. கப்ரிஞ்ஞா ஆறெட்டுத் தாளத்தில் சுழல்கிறது, ஃபங்க் நாலு தட்டுத் தாளத்தில் நடக்கிறது. ஆனாலும் போர்த்துக்கேய பறங்கியர் வீட்டுப் பெரியவர்கள் கிட்டாரைத் தாளக்கருவி மாதிரிப் பிடிப்பதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். உங்கள் பிள்ளைகள் இந்த வலக்கையைச் சீக்கிரம் பிடித்துவிடுவார்கள் என்று நம்புகிறேன்.

பாடகர் கேரி ஷெரோன் வான் ஹேலன் என்ற ரொக் குழுவிலும் பாடினாரா? (நிலாவெளி)

ஓம், 1996 முதல் 1999 வரை. ஒரே ஒரு அல்பம், 1998இல்.

அல்பத்தில் பிடிக்காத பாட்டு ஏதும் உண்டா அண்ணை? எல்லாவற்றையும் புகழ்கிறீர்கள். (உவர்மலை, இன்னொருவர்)

உண்டு. ‘வென் ஐ ஃபர்ஸ்ட் கிஸ்ட் யூ’. பியானோ வைத்து, பழைய காலத்து இரவு விடுதிப் பாட்டுப் போலச் செய்திருக்கிறார்கள். பாடினது நன்றாகவே இருக்கிறது, ஆனால் அதற்கு முன்னால் ஏறின சூடு அங்கே இறங்கிவிடுகிறது. ‘சோங் ஃபோர் லவ்’ பாட்டைச் சிலர் குவீன் குழுவின் நகல் என்பார்கள். எனக்கு அது நகலாகத் தெரியவில்லை, நன்றிக்கடனாகத்தான் தெரிகிறது. 1992 ஏப்ரல் 20ஆம் திகதி லண்டன் வெம்ப்ளியில் நடந்த, குவீன் பாடகர் பிரெடி மெர்குரி அஞ்சலி நிகழ்ச்சியில் இவர்கள் குவீன் பாட்டுகளைக் கோத்து வாசித்ததைப் பாருங்கள். அந்தப் பாட்டுகளை உயிராக நேசித்தவர்களுக்குத்தான் அப்படி வரும்.

இதே மாதிரி, ஹிட் பாட்டை விட ஹெவியான வேறு அல்பம்? (சீனக்குடா)

மிஸ்டர் பிக் குழுவின் ‘லீன் இன்டு இட்’, 1991. ‘டு பி வித் யூ’ எல்லோருக்கும் தெரியும். அது அல்பத்தின் கடைசிப் பாட்டு. முதல் பாட்டில் கிட்டார்காரரும் பேஸ்காரரும் தச்சுவேலை டிரில்லில் பிக்குகளை (தந்தி மீட்டும் சிறு தகடுகளை) பூட்டித் தந்திகளைச் சுரண்டுகிறார்கள். முதலில் இருந்தே கேளுங்கள்.

தை மாதம் அக்காவின் கல்யாணம். நானும் தங்கச்சியும் ‘மோர் தான் வேர்ட்ஸ்’ பாடப் போகிறோம். முழு அல்பத்தையும் கேட்ட பிறகு இதைப் பாடவே கூச்சமாக இருக்கிறது. வேறு பாட்டு எடுப்பமா? (தேவாலயப் பாடகர் குழு, நகரம்)

வேண்டாம் தங்கச்சி, அதையே பாடுங்கள். நல்ல பாட்டு அது, உங்கள் இரண்டு குரலுக்குப் பொருந்தும். ஒன்றை மட்டும் பாருங்கள். வீடியோவில் மேல் குரலும் கீழ்க் குரலும் ஒரே மூச்சில் எடுத்து ஒரே மூச்சில் விடுகின்றன. எங்கள் ஊரில் பாடுகிறவர்கள் பெரும்பாலும் வரியின் கடைசிச் சொல்லை ஆளுக்கொரு நீளத்துக்கு இழுப்பார்கள், பாட்டு அங்கேதான் கலைகிறது. கண்ணைப் பார்த்துக்கொண்டு பழகுங்கள். கிட்டாருக்கு யார்? மனையாவெளித் தம்பியின் கேள்விக்கு நான் எழுதினதை அவருக்குக் காட்டுங்கள். கல்யாணத்துக்கு முதல் கிழமை அந்த ‘டக்’ இரண்டிலும் நாலிலும் சரியாக விழுகிறதா என்று மூன்று பேரும் சேர்ந்து எனக்கு ஒரு குரல்பதிவு அனுப்புங்கள். கேட்டுச் சொல்கிறேன்.