கதவு உள்ள அறையும் 35 ஆண்டுக் கடனும்

கோலாலம்பூரில் நெடுநாளாக வீட்டு முகவராக இருக்கும் நம் குழு உறுப்பினர் ஒருவர், வீட்டிலிருந்து வேலை செய்வோர் வீடு தேடுவது குறித்து மற்ற உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதிலளிக்கிறார்.

கேள்வி (செந்தூல்): ஐயா, நானும் கணவரும் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறோம். ஏறக்குறைய ஒரே வாடகையில் புதிய கொண்டோவில் (நீச்சல் குளம் போன்ற வசதிகளுள்ள அடுக்குமாடியில்) இரண்டு அறை வீடும், பழைய அடுக்குமாடியில் மூன்று அறை வீடும் கிடைக்கின்றன. எதை எடுப்பது?

பதில்: பழைய வீட்டை எடுங்கள், அம்மா. 2020 மார்ச் 18-இல் கோவிட் பரவலைத் தடுக்க நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வருமுன் என்னிடம் வந்தவர்கள், நீச்சல் குளம் உண்டா, எல்ஆர்டி ரயில் நிலையம் நடக்கும் தூரமா என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். இப்போது இருவரும் வேலை செய்யும் குடும்பத்தினர், சாத்திக்கொள்ளக்கூடிய கதவுகள் எத்தனை என்று எண்ணுகிறார்கள். 650 சதுர அடிக்குள் மூன்று அறைகளை அடக்கிய வீடுகளை நெருக்கடி என்று ஒதுக்கியவர்களே இன்று அவற்றைக் கேட்டு வருகிறார்கள், ஏனெனில் ஒரே நேரத்தில் இருவரும் அலுவலகக் கூட்டத்தில் பேச வேண்டியிருந்தால் விசாலமான கூடம் உதவாது, சுவர்தான் உதவும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்துவிட்டுக் கையெழுத்திடாதீர்கள். அந்நேரத்தில் எந்த வீடும் நல்ல வீடாகத்தான் தோன்றும். வேலை நாள் ஒன்றில் பிற்பகல் மூன்று மணிக்குச் சென்று, மேசை போடப்போகும் அறையில் அரை மணி நேரம் உட்காருங்கள். மேற்குப் பார்த்த சுவரானால் வெயில் அதைச் சுட வைத்திருக்கும். நாள் முழுவதும் குளிர்சாதனத்தை ஓடவிட்டால், வாடகையில் மிச்சம் பிடித்தது மின்கட்டணத்தில் கரைந்துவிடும். மேல்மாடியில் சுவர் இடிக்கிறார்களா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): “இணைய வசதி உண்டு” என்று வீட்டுக்காரர் சொன்னால் போதுமா?

பதில்: போதாது. சில கட்டடங்களில் ஒரே நிறுவனத்தின் இணைப்புதான் இருக்கும். யுனிஃபை, டைம், மெக்சிஸ் ஆகிய இணையச் சேவைகளில் எது அந்த முகவரிக்குச் சேவை தருகிறது என்று நீங்களே பாருங்கள். இரண்டு மாத வைப்புத்தொகை, மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் அரை மாதம், முன்வாடகை ஒரு மாதம் என மூன்றரை மாதப் பணத்தை வழக்கமாகக் கட்டுகிறோம். ஆகவே இணைப்பு கிடைக்காவிட்டால் அந்தப் பணம் திருப்பித் தரப்படும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்வது பெரிய கோரிக்கை அன்று.

கேள்வி (பங்சார்): நான் மென்பொருள் எழுதுபவன், மாதத்தில் நான்கு நாள் மட்டுமே அலுவலகம். வாடகை வீட்டை விட்டுவிட்டுச் சிரம்பானில் தரை வீடு வாங்கலாமா?

பதில்: அந்த நான்கு நாள் என்பது கடிதத்தில் உள்ளதா, மேலாளரின் வாய்ச்சொல்லா? 2023 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, நெகிழ்வான வேலைமுறை வேண்டும் என்று ஊழியர் எழுத்து மூலம் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் கூற வேண்டும். அது கேட்பதற்கான உரிமையே தவிர, பெறுவதற்கான உரிமை அன்று. வீட்டுக் கடனோ 35 ஆண்டு வரை நீளக்கூடியது. தவணையும் ஒரே நிலையில் நிற்பதில்லை: 2020 ஜூலையில் 1.75 விழுக்காடாக இருந்த மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் அடிப்படை வட்டி விகிதம், 2023 மே மாதத்தில் 3 விழுக்காட்டை எட்டியபோது, மாறும் வட்டியில் கடன் எடுத்தவர்கள் அதை நன்றாகவே உணர்ந்தார்கள்.

எனவே வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகம் செல்ல நேர்ந்தால் தாங்குமா என்று கணக்கிடுங்கள். சிரம்பானிலிருந்து கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்துக்குக் கொம்யூட்டர் ரயிலில் ஒரு வழிக்கே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். மாதம் நான்கு முறை அது பயணம், இருபது முறையானால் தண்டனை. எம்ஆர்டி ரயிலும் கொம்யூட்டரும் சந்திக்கும் காஜாங்கையும் பாருங்கள். சிரம்பான்தான் என்று மனம் நின்றால், முதலில் ஓராண்டு அங்கே வாடகைக்கு இருந்து பாருங்கள். முகவரான எனக்கு இதில் இலாபம் குறைவு.

கேள்வி (மோண்ட் கியாரா): என் கொண்டோவின் கூடத்தைத் தடுத்து வேலை அறை அமைத்தால் வாடகை கூடுமா?

பதில்: வாடகை கூடுவதைவிட, வீடு காலியாகக் கிடக்கும் மாதங்கள் குறையும் என்று எதிர்பாருங்கள். சன்னல் இல்லாத அறையை எவரும் விரும்புவதில்லை. சுவர் எழுப்புமுன் நிர்வாகக் குழுவின் எழுத்துப்பூர்வ அனுமதியைப் பெறுங்கள். மாதக்கணக்கில் ஆள் கிடைக்காவிட்டால் நாள் வாடகைக்கு விடலாம் என்று எண்ண வேண்டாம்; உங்கள் பகுதிக் கொண்டோ ஒன்றின் வழக்கிலேயே, குறுகிய கால வாடகையைத் தடை செய்ய நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2020-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

கேள்வி (பினாங்கு): எங்கள் ஊரிலும் இதே மாற்றமா?

பதில்: பாதிதான். தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன் நிற்பவர் அதை வீட்டுக்குத் தூக்கி வர முடியாது. கணவர் ஆலைக்கும் மனைவி வீட்டு மேசைக்கும் என்று பிரிந்த குடும்பங்கள், 2014-இல் திறக்கப்பட்ட இரண்டாவது பாலத்தின் மறுமுனையான பத்து காவானில் கூடுதல் அறையுள்ள வீட்டைப் பார்ப்பது பொருத்தமே. பாலம் 24 கிலோமீட்டர் என்பதையும் கட்டணத்தையும் கணவர் பக்கக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி (காஜாங்): கொண்டோவில் மாலையில் பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் நடத்தலாமா, அண்ணா? அதுவும் வீட்டிலிருந்து வேலைதானே?

பதில்: கணினி வழியாக வருபவர்கள் மின்தூக்கியையும் கார் நிறுத்துமிடத்தையும் பயன்படுத்துவதில்லை, தங்கச்சி, பத்துப் பிள்ளைகளும் அவர்களை அழைத்துப்போக வரும் பெற்றோரும் பயன்படுத்துவார்கள். நிர்வாகத்திடம் எழுதிக் கேளுங்கள். வாடகை வீடானால் வீட்டுக்காரரிடம் முதலில் கேளுங்கள்.