சகுனமும் மூக்கும்

வணக்கம் ஐயா,

நான் இங்கிலாந்தின் கால்பந்துக் கிளப்பான ஆர்சனலின் ரசிகன். ஏப்ரல் பிறந்தால் எங்கள் நண்பர்களுக்குள் ஒரு பழைய சண்டை புதிதாகத் தொடங்கிவிடும். 2024 மே 14 அன்று டாட்டன்ஹாம் மைதானத்தில் மான்செஸ்டர் சிட்டி ஆடிய ஆட்டம்தான் காரணம். சிட்டி அன்று ஜெயிக்காமல் போயிருந்தால், இருபது ஆண்டுகளுக்குப் பிறகு லீக் பட்டம் எங்கள் கைக்கு எட்டியிருக்கும். டாட்டன்ஹாமுக்கும் அது உயிர்நாடியான ஆட்டம். ஜெயித்தால்தான் லீக்கில் நான்காம் இடத்தையும், அதனால் கிடைக்கும் ஐரோப்பியக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் இடத்தையும் நினைத்துப் பார்க்க முடியும். ஆனால் சிட்டி கோல் அடித்ததும் டாட்டன்ஹாம் ரசிகர்களே எங்களைக் கேலி செய்து பாடினார்கள். இரவு பன்னிரண்டரை மணிக்குக் கண் விழித்து இதையா பார்க்க வேண்டும்? சொந்த அணி தோற்பதைக் கொண்டாடுகிறவன் ரசிகனா? பட்டம் யாருக்கு என்பதை இப்படிப்பட்டவர்கள் முடிவு செய்யலாமா? அவர்களுடைய பயிற்சியாளரே கொதித்துப்போனாரே! நீங்கள் கால்பந்து பற்றி எப்போதாவதுதான் எழுதுகிறீர்கள். இதைப் பற்றி எழுத வேண்டும்.

க.

அன்புள்ள க.,

நான் லிவர்பூல் ரசிகன். நடுவர் வேடம் போடுகிறேன் என்று பிறகு நீங்கள் திட்டக்கூடாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2019 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் யுனைடெட் ஜெயிக்க வேண்டும் என்று மனமார வேண்டிக்கொண்டு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தேன். யுனைடெட்டுக்காக நான் வேண்டியது வாழ்நாளில் அந்த ஒரு முறைதான். எதிரில் சிட்டி. யுனைடெட் ஒரு டிராவாவது செய்து கொடுத்தால் போதும், எங்களுக்குப் பட்டம். சிட்டி 2-0 என்று ஜெயித்தது. சீசன் முடிந்தபோது அவர்களுக்கு 98 புள்ளி, எங்களுக்கு 97. அன்று பட்டம் எங்களுக்குப் போகாதிருந்தால் சரி என்று யுனைடெட் ரசிகர்களில் எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்? கணிசமான பேர் நினைத்திருப்பார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் அதைத்தான் நினைத்திருப்பேன். எனவே என்னிடம் நீதி கேட்டு வந்திருக்கிறீர்கள் என்றால், தவறான வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறீர்கள்.

ஆர்சனலுக்கும் டாட்டன்ஹாமுக்கும் இருப்பது பகை அல்ல, பங்காளிக் காய்ச்சல். பகையாளியை மன்னிக்கலாம், பங்காளியை மன்னிக்க முடியாது. உங்கள் கிளப் தேம்ஸ் நதிக்குத் தெற்கே ஊல்விச்சில் பிறந்தது. 1913இல் ஆற்றைக் கடந்து டாட்டன்ஹாமின் வாசலில் வந்து குடியேறியது. 1919இல் முதல் டிவிஷனை விரிவாக்கியபோது, அதற்கு முந்தைய சீசனில் கடைசி இடத்தில் இருந்த டாட்டன்ஹாமைக் கீழே தள்ளிவிட்டு, இரண்டாம் டிவிஷனில் முதல் நான்கு இடங்களுக்குள்கூட வராத ஆர்சனலை ஓட்டெடுப்பு நடத்தி மேலே ஏற்றினார்கள். உங்களுக்கு 18 ஓட்டு, அவர்களுக்கு 8. அதன் பிறகு நீங்கள் ஒருமுறைகூடக் கீழே இறங்கவில்லை. நூறு ஆண்டுகளாகத் தாத்தா பேரனுக்குச் சொல்லி வளர்த்த கதை இது. வரப்புத் தகராறு எந்த ஊரிலும் பத்திரத்தில் முடிவதில்லை.

எதிரிக்குச் சகுனத் தடையாக வேண்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவனைப் பற்றி நம் ஊரில் சொல்வார்கள். டாட்டன்ஹாம்காரர்கள் அறுத்துக்கொண்ட மூக்கின் விலையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சீசன் முடிவில் நான்காம் இடத்தில் ஆஸ்டன் வில்லா 68 புள்ளி. டாட்டன்ஹாம் 66. மற்ற முடிவுகள் அப்படியே இருந்து சிட்டியை மட்டும் அவர்கள் வென்றிருந்தால் 69. சாம்பியன்ஸ் லீக் இடமும் அதோடு வரும் பெரும் பணமும் அவர்களுடையது. அது தெரிந்தும் பாடினார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு. நீங்கள் அதில் துரோகத்தைப் பார்க்கிறீர்கள். எனக்கோ அதில் கொஞ்சம் கம்பீரம் தெரிகிறது. லாப நட்டம் பார்க்காமல் வெறுப்பதற்கும் ஒரு மனத்துணிவு வேண்டும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை தவறு. பட்டத்தை அவர்கள் "முடிவு செய்ததாக" எழுதியிருக்கிறீர்கள். கேலரியில் இருப்பவன் விரும்பலாம், பாடலாம். பந்தை அவன் தொடுவதில்லை. அன்று 86ஆவது நிமிடத்தில் என்ன நடந்தது என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சிட்டி 1-0 என்று முன்னிலையில் இருக்கிறது. டாட்டன்ஹாமின் கேப்டன் சன் ஹியுங்-மின் தனியாக ஓடுகிறார். எதிரில் கோல்கீப்பர் மட்டும்தான். அவரும் எடர்சன் அடிபட்டு வெளியேறியதால் உள்ளே வந்த மாற்று ஆள் ஒர்டேகா. இந்த மாதிரி இடத்தில் சன் கண்ணை மூடிக்கொண்டு கோல் போடுவார் என்பது இங்கிலாந்தில் குழந்தைக்கும் தெரியும். சிட்டியின் பயிற்சியாளர் கார்டியோலா பார்க்கத் தாங்காமல் புல்தரையில் மல்லாந்து விழுந்தார். சன் அடித்தார். ஒர்டேகா காலை நீட்டினார். பந்து காலில் பட்டு விலகியது.

அந்தக் கால் இன்னும் கொஞ்சம் மடங்கியிருந்தால் 1-1. அப்படியே முடிந்து, கடைசி நாள் முடிவுகளும் மாறாமல் இருந்திருந்தால், சிட்டிக்கும் 89 புள்ளி, உங்களுக்கும் 89 புள்ளி. கோல் வித்தியாசத்தில் நீங்கள் 62, சிட்டி 60. நீங்கள் சாம்பியன். தன் ரசிகர்களில் பாதிப் பேர் வேண்டாம் என்று நினைத்த கோலை அடிக்க உயிரைக் கொடுத்து ஓடினார் அந்த மனிதர். அவரை மறந்துவிட்டுக் கேலரியில் பாடியவர்களையே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ரோம் நகரத்தில் இதைவிடப் பெரிய கூத்து நடந்திருக்கிறது. லாட்சியோவும் ரோமாவும் ஒரே மைதானத்தைப் பகிர்ந்துகொள்ளும் பங்காளிகள். 2002 மே 5, இத்தாலிய லீக்கின் கடைசி நாள். இன்டர் 69 புள்ளி, யுவென்டஸ் 68, ரோமா 67. இன்டர் ஆட வேண்டியது லாட்சியோவின் மைதானத்தில். இன்டர் சறுக்கினால் ரோமாவுக்கும் வாய்ப்பு உண்டு என்பதால், லாட்சியோ ரசிகர்கள் வெளியூரிலிருந்து வந்த இன்டரை விருந்தாளி போல் வரவேற்று, அவர்கள் ஜெயிக்க ஆரவாரம் செய்தார்கள். இன்டர் இருமுறை முன்னிலை பெற்றது. இருமுறையும் சமன் செய்தவர் லாட்சியோவின் போபோர்ஸ்கி. பிறகு சிமியோனி தலையால் ஒன்று போட்டார். அவர் இன்டரின் முன்னாள் வீரர். அந்தக் கோலைக் கொண்டாடவில்லை. ஆட்டம் 4-2. சொந்த மைதானத்தில் ரசிகர்களின் விருப்பத்துக்கு எதிராக லாட்சியோ ஜெயித்தது. மாற்றி எடுக்கப்பட்ட ரொனால்டோ பெஞ்சில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுததை அன்று பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்டர் மூன்றாம் இடத்துக்குப் போனது. ரோமாவுக்கும் கிடைக்கவில்லை, பட்டம் யுவென்டஸுக்கு.

எட்டு ஆண்டு கழித்து 2010 மே மாதம் அதே மைதானம், அதே இரண்டு அணி, அதே ரோமாவின் பட்டப் போட்டி. இந்த முறை இன்டர் கோல் போட்டதும் லாட்சியோ ரசிகர்கள் "ஐயையோ!" என்ற பொருளில் ஒரு பேனரை உயர்த்திப் பிடித்தார்கள். இவ்வளவு மரியாதையாகச் செய்த நக்கலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இன்டர் 2-0 என்று ஜெயித்து, பின்னர் சாம்பியனும் ஆனது. லாட்சியோ வீரர்கள் அன்று எவ்வளவு முயன்றார்கள் என்று இன்றுவரை சண்டை ஓயவில்லை. ஆனால் ரோமா முதலிடத்தைப் பறிகொடுத்தது அதற்கு ஒரு வாரம் முன்பு, சொந்த மண்ணில் சம்ப்டோரியாவிடம் 2-1 என்று தோற்றபோது. பங்காளியைத் திட்டுவது எளிது. சம்ப்டோரியாவைத் திட்டி என்ன கிடைக்கும்?

கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கணக்கையும் புரட்டினேன். நீங்கள் பட்டத்தை இழந்தது இரண்டு புள்ளியில். 2023 டிசம்பர் 28 அன்று வெஸ்ட் ஹாமிடம் சொந்த மைதானத்தில் தோற்றீர்கள். மூன்று நாள் கழித்து ஃபுல்ஹாமிடம் தோற்றீர்கள். நான்கே நாளில் ஆறு புள்ளி. டிசம்பரில் விட்ட புள்ளிக்கும் மே மாதம் விட்ட புள்ளிக்கும் எடை ஒன்றுதான், ஆனால் டிசம்பர் ஆட்டத்துக்காக யாரும் ஆண்டுதோறும் சண்டை போடுவதில்லை. எங்கள் கதையும் அதேதான். 2019 ஜனவரி 3 அன்று சிட்டியின் கோல் கோட்டில் எங்கள் பந்து முழுவதும் உள்ளே போக இன்னும் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக மீதமிருந்தபோது ஜான் ஸ்டோன்ஸ் அதை உதைத்து வெளியே தள்ளினார். அந்த ஆட்டத்தில் 2-1 என்று தோற்றோம். அந்த சீசனில் லீக்கில் நாங்கள் தோற்றது அந்த ஒன்றுதான். அதை விட்டுவிட்டு, ஏப்ரலில் யுனைடெட் எங்களைக் கைவிட்டதாக நான் பல காலம் புலம்பிக்கொண்டிருந்தேன். யுனைடெட் எதற்கு எங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று என் மனைவி கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது.

கடைசியாக அந்தப் பயிற்சியாளர், போஸ்டகோக்ளூ. ஆட்டத்தின் நடுவிலேயே தனக்குப் பின்னால் இருந்த ரசிகர் ஒருவரைத் திரும்பிப் பார்த்துக் கோபப்பட்டார். முடிந்த பிறகு, இந்தக் கிளப்பின் அஸ்திவாரமே பலவீனமாக இருப்பது கடந்த இரண்டு நாளில் தெரிந்துவிட்டது என்ற பொருளில் பேசினார். அவர் கோபம் நியாயம்தான். ஜெயிப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவர் வேறெப்படிப் பேசுவார்? ரசிகன் சம்பளம் வாங்குவதில்லை, டிக்கெட்டுக்குக் காசு கொடுத்து வருகிறான். இருவரும் ஒரே மாதிரி நினைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அடுத்த சீசனில் அவருடைய அணி லீக்கில் 22 ஆட்டங்களில் தோற்றுப் பதினேழாம் இடத்தில் முடிந்தது. ஆனால் 2025 மே 21 அன்று பில்பாவோவில் யுனைடெட்டை 1-0 என்று வென்று யூரோப்பா லீக் கோப்பையைக் கொண்டுவந்தது. டாட்டன்ஹாமுக்குப் பதினேழு ஆண்டுகளில் முதல் கோப்பை. தோல்வியைக் கொண்டாடியவர்களுக்குக் கொண்டாட ஒரு வெற்றியையும் கொடுத்தார் அந்த மனிதர். பதினாறாவது நாள் அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.