விடுதிப் பக்கம்: காப்பாளர்கள் கேட்ட கேள்விகள்

கோவையில் ஒரு பொறியியல் கல்லூரிப் பெண்கள் விடுதியில் வார்டனாகச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. முதலாமாண்டு மாணவி ஒருத்தி பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, வகுப்புக்கும் போவதில்லை என்று அறைத்தோழி வந்து சொன்னாள். வீட்டுக்குச் சொல்லட்டுமா, நானே பேசட்டுமா?

முதலில் நீங்களே பேசுங்கள், அதுவும் இன்றைக்கே. அதற்குமுன் மெஸ் வருகை, இரவு அட்டெண்டன்ஸ், அவுட்பாஸ் மூன்று பதிவேடுகளையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எந்தத் தேதியிலிருந்து மாற்றம் என்று தெரிந்துவிடும். முதல் இன்டர்னல் மார்க் வந்த நாளா, ஊருக்குப் போய்த் திரும்பிய நாளா?

ஆபீசுக்குக் கூப்பிடாதீர்கள். அங்கே போகிறவர்களை விடுதியே பார்க்கும். அறைத்தோழி இல்லாத நேரமாகப் பார்த்து அவள் அறைக்கே போங்கள். தோழி சொன்னதாகச் சொல்லவும் வேண்டாம். சொன்னால் அடுத்த முறை யாரும் உங்களிடம் வரமாட்டார்கள். 'ஏன்மா ஒரு மாதிரி இருக்கே?' என்று கேட்டால் 'ஒண்ணுமில்ல மேம்' என்பதோடு முடிந்துவிடும். 'நேத்து எத்தனை மணிக்குத் தூங்கினே? காலையில என்ன சாப்பிட்டே? எந்தப் பாடம் புரியல?' என்று கேளுங்கள். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைக்கு முதல் செமஸ்டரில் வகுப்பு முழுக்க ஆங்கிலத்தில் நடப்பதே பெரிய பாரம். அதை வெளியே சொல்லக் கூச்சப்படுவார்கள்.

பேச்சில் நம்பிக்கையிழந்த தொனி தெரிந்தால் நேராகவே கேட்டுவிடுங்கள்: 'செத்துப் போகணும்னு தோணுதா?' இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. பலருக்கு மனம் திறக்க அதுதான் வழி. ஆமாம் என்றால் அன்று இரவு அவளைத் தனியாக விடக்கூடாது. அறையில் உள்ள மாத்திரைகளை வாங்கி வையுங்கள், மொட்டை மாடிக் கதவு பூட்டியிருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். தலைமை வார்டனுக்குச் சொல்லுங்கள், மறுநாளே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-ல் இரவிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. ஏதாவது செய்துகொண்டுவிட்டால் தாமதிக்காமல் 108.

'போலீஸ் கேஸ் ஆகிவிடும்' என்ற பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடும் விடுதிகள் உண்டு. அந்தத் தாமதம்தான் உயிருக்கு ஆபத்து. மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் தருவது வழக்கமான நடைமுறை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை.

வீட்டுக்குச் சொல்லத்தான் வேண்டும். யாரிடம் சொல்வது, அம்மாவிடமா, அக்காவிடமா என்பதை அவளிடமே கேளுங்கள். ஒன்று மட்டும் செய்யவே கூடாது: 'ஒரு வாரம் வீட்டுல இருந்துட்டு வா' என்று இரவு பஸ்ஸில் தனியாக ஏற்றிவிடுவது. பெற்றோர் வந்து அழைத்துப் போகட்டும்.

டிவைடிங் சிஸ்டத்தில் ஆட்கள் குறைந்த மாதம் மெஸ் பில் ஏன் ஏறுகிறது?

மாதச் செலவு மொத்தத்தையும் எல்லாருடைய சாப்பாட்டு நாட்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஒரு நாள் கட்டணம். ஆள் குறைந்தால் அரிசி, காய்கறிச் செலவு குறையும்; சமையல்காரர் சம்பளம் குறையாது. இந்தக் கணக்கை மாதாமாதம் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள், பாதிச் சண்டை குறையும்.

சீனியர்கள் ரெக்கார்டு நோட் எழுதித் தரச் சொல்வதும் ராகிங்கா?

ஆம். புதிய மாணவரைத் தன் படிப்பு வேலைக்குப் பயன்படுத்துவதை பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூ.ஜி.சி.) 2009 விதிமுறைகள் ராகிங் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. 1996-ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு தமிழகத்தில் 1997-லேயே ராகிங் தடைச் சட்டம் வந்துவிட்டது. இரண்டாண்டு வரை சிறை உண்டு. 'சும்மா இன்ட்ரோதான் சார்' என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். மறுக்க முடியாத இடத்தில் நிற்பவனிடம் கேட்கிற இன்ட்ரோ சும்மா இல்லை.

ரவுண்ட்ஸ் நேரத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். தினமும் பத்தரைக்குப் போனால் பதினொன்றுக்கு ஆரம்பிப்பார்கள். முதலாமாண்டுக்குத் தனி பிளாக் அவசியம். பையன் எழுதிக்கொடுத்தால்தான் நடவடிக்கை என்று காத்திருக்காதீர்கள்; நீங்கள் பார்த்ததை நீங்களே அறிக்கையாக எழுதுங்கள், அவன் பெயர் அடிபடாது. ராகிங் பற்றி மாணவர்கள் புகார் சொல்ல உதவி எண் 1800-180-5522.

விடுதியில் மூன்று பேருக்கு மஞ்சள் காமாலை. குடிநீர் ஆர்.ஓ.தான். பிறகு எப்படி?

ஆர்.ஓ. தண்ணீரில் குளோரின் மிஞ்சாது. இயந்திரத்திலிருந்து டிரம்முக்குப் போய், அதில் யாராவது டம்ளரை முக்கினால் மறுபடி அசுத்தம்தான். டிரம்மை மூடிக் குழாய் வையுங்கள். அத்தனை பேரும் பல் துலக்குவது மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில்தான், அதையும் கவனியுங்கள். தொட்டியைக் கழுவி, 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். பிறகு குளோரின் அளவைக் காட்டும் குளோரோஸ்கோப்பில் கடைசிக் குழாயின் தண்ணீரைச் சோதித்து 0.5 பி.பி.எம். (லிட்டருக்கு 0.5 மி.கி.) இருக்கிறதா என்று பாருங்கள். மூட்டை பிரித்துப் பல நாள் ஆன பவுடருக்கு வீரியம் இருக்காது.

சுகாதார ஆய்வாளருக்கு உடனே தகவல் சொல்லுங்கள். இப்படித் தண்ணீரில் பரவி மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் உடம்பில் புகுந்து வெளியே தெரிய இரண்டு முதல் ஏழு வாரம் ஆகும். அதனால் நேற்றைய சாப்பாட்டைக் குறைசொல்வதில் பயனில்லை. ஒரு மாதத்துக்கு முன் பைப் உடைந்ததா, கழிவுநீர்க் குழாய் பக்கத்தில் தோண்டினார்களா என்று விசாரியுங்கள். தண்ணீரைச் சரிசெய்த பிறகும் சில வாரங்களுக்குப் புதிதாக நோயாளிகள் வரலாம். அதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.