நெதர்லாந்தில் ஊழியர் சம்மதம் இல்லாமல் கம்பெனி கண்காணிப்பு மென்பொருள் போடலாமா?

உங்கள் லேப்டாப்பிலும் "ஒப்புக்கொள்கிறேன்" என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது போல. அந்த டிக்கை விடுங்கள். சம்பளம் தருபவரிடம் யார் மாட்டேன் என்பார்கள்? அதனால்தான் அங்குள்ள தனியுரிமை ஆணையம் அதைப் பொதுவாக உண்மையான சம்மதமாக எடுத்துக்கொள்வதில்லை. கம்பெனி கேட்க வேண்டியது ஊழியர்கள் தேர்ந்தெடுக்கும் ஊழியர் மன்றத்தின், அதாவது ஓஆரின், சம்மதத்தை. உங்கள் கம்பெனியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். 50 பேர் வேலை பார்த்தாலே அமைத்தாக வேண்டும், 1971-ஆம் ஆண்டுச் சட்டம்.

நான் ஐண்ட்ஹோவனில் ஓஆர் உறுப்பினராக இருந்தவன், கொஞ்சம் சூடாகத்தான் எழுதுவேன். யார் எப்போது லாகின் செய்கிறார், கீபோர்டு எத்தனை நிமிடம் சும்மா கிடக்கிறது என்று கணக்கெடுக்கும் ஒரு மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். எச்ஆர் மேடம் சிரித்துக்கொண்டே ஸ்லைடு போட்டு, "உங்கள் தகவலுக்காக" என்றார். தகவலா? ஊழியரின் வருகை, நடத்தை, வேலைத்திறனைக் கண்காணிக்கும் எந்த ஏற்பாட்டுக்கும் மன்றத்தின் சம்மதம் வேண்டும், அதையும் காரணத்தோடு எழுத்தில் கேட்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 27-வது பிரிவில் பச்சையாக இருக்கிறது. (கூட்டு ஊதிய ஒப்பந்தத்திலேயே விவரமாகத் தீர்த்த விஷயம் என்றால் கேட்க வேண்டாம்தான், வக்கீல்கள் சண்டைக்கு வராதீர்கள்.) வேடிக்கை என்னவென்றால், கம்பெனியையே விற்பதென்றால் 25-வது பிரிவு, அதில் மன்றம் கருத்து மட்டும்தான் சொல்லலாம்.

மறுத்தோம். அவர்கள் பாட்டுக்கு ஓடவிட்டார்கள். உடனே "இந்த முடிவு செல்லாது" என்று எழுதிக் கொடுத்தோம். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் அந்த உரிமை போச்சு. அதன்பிறகு நிர்வாகத்துக்கு இருந்த ஒரே வழி நீதிபதியிடம் போய், மன்றம் மறுத்தது நியாயமில்லை என்றோ தங்களுக்குக் கனமான காரணம் இருக்கிறது என்றோ நிரூபிப்பது. போகவில்லை. கீபோர்டு கணக்கைத் தூக்கிவிட்டுத் திருத்தி வந்தார்கள், அதற்குச் சம்மதித்தோம். முதலாளி எதிரி என்று நான் சொல்லவில்லை.

என் கோபமெல்லாம் நம்ம ஆட்கள் மேல். வாட்ஸ்அப் குழுவில் பொங்கித் தள்ளுவார்கள், ஓஆர் தேர்தல் வந்தால் ஒருவரும் இருக்கமாட்டார்கள். 2022 முதல் 3 மாதம் வேலை பார்த்திருந்தாலே ஓட்டும் போடலாம், நிற்கவும் செய்யலாம், எந்த ஊர் பாஸ்போர்ட் என்று யாரும் கேட்பதில்லை. நில்லுப்பா என்றால் "விசாவுக்கு ஏதாவது ஆயிடும்ணே" என்பார்கள். ஓஆரில் இருப்பதற்காக ஒருவரை வேலையை விட்டுத் தூக்க முடியாது, அதையும் எடுத்துச் சொன்னேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை.