ஈரத்தை அடைக்கலாமா?

கேள்வி: சிறு நீர்மின் நிலையம் ஒன்றின் மண் அணை என் பொறுப்பில் வந்திருக்கிறது. வயது 60-ஐத் தாண்டிவிட்டது. வெளிச்சரிவின் அடியில் ஓரிடம் எப்போதும் ஈரமாகக் கசிகிறது. களிமண் போட்டு அடைத்துவிடலாமா? சரிவில் வளர்ந்திருக்கும் மரங்களை வெட்டலாமா?

பதில்: தயவுசெய்து அடைக்காதீர்கள். மண் அணை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். வெளியே வரும் நீரை மூடினால் உள்ளே அழுத்தம் ஏறி, கரை ஊறிச் சரியும்.

முதலில் கசியும் நீரை ஒரு கண்ணாடிக் குடுவையில் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் மண் படிந்தால் கரை உள்ளுக்குள் அரிபடுகிறது. அன்றைக்கே அணைப் பாதுகாப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள், நாளைக்கு என்று வைக்க வேண்டாம். 1976-இல் அமெரிக்காவின் டீட்டன் அணையில் காலையில் கலங்கல் கசிவைப் பார்த்தார்கள். நண்பகலுக்குள் கரை உடைந்துவிட்டது.

தெளிவாக இருந்தால், கசிவைச் சிறு வாய்க்காலில் திருப்பி, முக்கோண வெட்டுள்ள தகடு வைத்து அளந்து, நீர்மட்டத்தையும் மழையையும் சேர்த்துத் தினமும் எழுதுங்கள். நான் வேலையில் சேர்ந்த புதிதில், எங்கள் அணைக் காவலர் அப்படி ஒரு நோட்டு வைத்திருந்தார். மழையும் இல்லை, நீர்மட்டமும் ஏறவில்லை, கசிவு மட்டும் கூடுகிறது என்று அவர்தான் காட்டினார். தோண்டிப் பார்த்தால், கரையின் ஊடாக மின்நிலையத்துக்குப் போகும் இரும்புக் குழாய் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. அந்தக் குழாயை ஒட்டிய மண்ணை உங்கள் அணையிலும் கட்டாயம் பாருங்கள்.

மரங்களைப் பொறுத்தவரை, செடியாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிட வேண்டும். பெரிய மரத்தை வெறுமனே வெட்டிவிட்டால் உள்ளே வேர் மட்கி, நீருக்கு வழியாகிவிடும். பொறியாளர் மேற்பார்வையில் நீர்மட்டத்தை இறக்கி, வேரைத் தோண்டியெடுத்து, மண்ணை அடுக்கடுக்காக இறுக்கி நிரப்ப வேண்டும். நீரை மெதுவாகவே இறக்குங்கள். வேகமாக இறக்கினால், நீர்ப்பக்கம் ஊறியிருக்கும் உள்சரிவு வழுக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று, கலிங்கு, அதாவது வெள்ளநீர் வெளியேறும் வழி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1924-இல் கட்டிய ஈடன்வில் அணைக்கு, வெள்ளத்தை வெளியேற்றும் திறன் போதவில்லை என்று 2018-இல் மின் உற்பத்தி உரிமத்தையே ரத்து செய்தார்கள். ஆனாலும் திறன் கூடவில்லை. 2020 மே 19-இல் பெருமழையில் நீர்மட்டம் ஏற, மேலே வழியாமலேயே கரை சரிந்தது. உங்கள் ஷட்டர்களை முழுதாக ஏற்றி இறக்கி எவ்வளவு நாளாயிற்று? மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, மின்சாரம் இல்லாமல் கையாலும் ஏற்றிப் பாருங்கள்.