மாத்திரையை நிறுத்தியாச்சு, கண் பரிசோதனையையும் நிறுத்தலாமா?

கேள்வி: வயது 53, பெரம்பூர். 11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். 14 கிலோ எடை குறைத்தேன். 8 மாதங்களாக மாத்திரை இல்லை, எச்பிஏ1சி (சுமார் 3 மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 5.8. கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டரில் பார்த்து, பவர் மட்டும் மாறியிருப்பதாகச் சொன்னார்கள். இனியும் வருடாவருடம் கண்ணைக் காட்ட வேண்டுமா?

பதில்: வேண்டும். 14 கிலோ குறைப்பது லேசான காரியமில்லை, மனமாரப் பாராட்டுகிறேன். மாத்திரையை விட்டு 3 மாதம் கழித்தும் எச்பிஏ1சி 6.5க்குக் கீழே இருந்தால் ‘ரெமிஷன்’, அதாவது நோய் அடங்கியிருக்கும் நிலை என்கிறோம். அது ரத்தத்தின் இன்றைய நிலவரம்தான். 11 ஆண்டுகளில் விழித்திரையின் நுண்குழாய்கள் பட்ட சேதம் அதோடு மறைந்துவிடாது. நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரை மளமளவென்று இறங்கும்போது, பழைய பாதிப்பு சிலருக்குக் கொஞ்ச காலம் கூடுவதும் உண்டு. அதற்குப் பயந்து சர்க்கரையை ஏறவிடாதீர்கள், விழித்திரையைப் பார்த்துவிடுங்கள்.

கடையில் பார்த்தது பவர் மட்டுமே. சர்க்கரை ஏறி இறங்கும்போது கண் லென்ஸில் நீர்ச்சத்து மாறி பவரும் மாறும். அதனால் சர்க்கரை சில வாரம் நிலையாக இருந்த பிறகு கண்ணாடி வாங்குங்கள்.

விழித்திரைப் பரிசோதனைக்கு சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பா விரிய அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதன்பின் சில மணி நேரம் பார்வை மங்கும், வெயில் கூசும். வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். துணைக்கு ஒருவரும் கறுப்புக் கண்ணாடியும் இருக்கட்டும். விழித்திரையின் நடுப்பகுதியில் வீக்கம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் விழித்திரையின் அடுக்குகளைப் படம்பிடிக்கும் ஓசிடி ஸ்கேன் எடுப்பார்கள். எழும்பூர் அரசு கண் மருத்துவமனையிலேயே காட்டலாம்.

பலர் தவறுவது பதிவு செய்யும் இடத்தில். “சுகர் இருக்கா?” என்றால் “இல்லை” என்று சொல்லிவிடுகிறார்கள். சீட்டில் அப்படி ஏறிவிட்டால் சொட்டு மருந்தே விடாமல் அனுப்பிவிடக்கூடும். “11 வருஷமா இருக்கு, இப்போ மாத்திரை இல்லாம கட்டுப்பாட்டுல இருக்கு” என்று சொல்லுங்கள். பழைய கண் ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள்.

பாதிப்பு இல்லையென்றால் ஆண்டுக்கு ஒரு முறை போதும். இருந்தால் இடைவெளியை மருத்துவர் குறைப்பார். ரத்த அழுத்தத்தையும் பாருங்கள், அது உயர்ந்தாலும் இதே நுண்குழாய்கள்தான் கெடும்.

திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்ததுபோல் மறைத்தாலோ, நேர்கோடு வளைந்து தெரிந்தாலோ வருடாந்திரத் தேதிக்குக் காத்திராமல் அன்றே போய்விடுங்கள்.